ஹீட்டர் காயில் ஒழுகும்போது

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் பிக்கப் ஓட்டுகிறவரிடம் ஹீட்டரைப் பற்றிக் கேட்டால், அதன் லிவரைக் கடைசியாக எப்போது தொட்டோம் என்று அவருக்கே நினைவிருக்காது. ஆண்டு முழுவதும் வியர்க்கிற ஊர் இது. அதனால் இந்தப் பாகம் கெட்டதும் பட்டறையில் வருகிற முதல் பேச்சு, "ஆசானே, அதை பைபாஸ் பண்ணி விட்டிருங்க, போதும்" என்பதுதான். ஆசானும் இரண்டு ஹோஸை ஒன்றாக்கிக் கட்டி வண்டியை அனுப்பிவிடுவார். ஒழுக்கு நின்றுவிடும். ஏன் ஒழுகியது என்று பிறகு யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். ஹீட்டர் காயில் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சின்ன ரேடியேட்டர். என்ஜினைச் சுற்றி வருகிற அதே கூலன்ட் இரண்டு ஹோஸ் வழியாக கேபினுக்குள் வந்து, இந்தக் காயிலைச் சூடாக்கிவிட்டுத் திரும்பிப் போகிறது. புளோவர் அதன்மேல் காற்றை அடித்தால் வெப்பக் காற்று வரும். காயிலின் குழாய்கள் மெல்லியவை, ஓட்டம் மெதுவானது. லிவரைத் தொடாமலே விட்டிருக்கும் வண்டிகள் சிலவற்றில், வால்வு மூடிக் கிடப்பதால் உள்ளே தண்ணீர் மாதக்கணக்கில் அசையாமல் தேங்கி நிற்கும். எனவே கூலன்ட் கெட்டால் முதலில் ஓட்டை விழுகிற இடங்களில் இது ஒன்று. கேபின் பாயை நனைக்கும் அந்த நீர், என்ஜினுக்குள் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்ல வந்திருக்கிறது. காயிலை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய தண்ணீரையே ஊற்றினால் புதுக் காயிலும் அதே வழியில் போகும். பைபாஸ் செய்து மறந்துவிட்டால் ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் அடுத்து வரிசையில் நிற்கும்.

கடற்கரை வண்டிக்கு ஹீட்டர் எதற்கு?

மழைக்காலத்தில் கண்ணாடி தெரிவதற்கு. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது கேரளத்தின் பல கரைகளில் வேலை சுருங்குகிறது. ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் இழுவைப் படகுகளுக்குத் தடை வேறு. ஆனால் பாரம்பரிய வள்ளங்களுக்குத் தடை இல்லை. அலை பொங்கும் அந்த நாட்களில் பாதுகாப்பாகக் கரை சேரக்கூடிய இடம் விழிஞ்ஞம் என்பதால், பக்கத்துக் கரைகளின் வள்ளங்களும் குமரிக் கடற்கரை வள்ளங்களும் இங்கே வந்து சேர்கின்றன. மற்ற ஊர்களில் பிக்கப் ஓய்வெடுக்கும் பருவத்தில், விழிஞ்ஞத்துப் பிக்கப்புக்கு உச்சக்கட்ட வேலை.

மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நனைந்த சட்டையோடு மூன்று பேர் உட்கார்ந்து, விடியலுக்கு முன் தேசிய நெடுஞ்சாலை 66-ல் ஏறினால், முன்கண்ணாடி உள்ளிருந்து மூடிக்கொண்டு வரும். துண்டால் துடைத்துத் துடைத்து ஓட்டுகிறோம். ஏசி உள்ள வண்டியில் ஏசியைப் போட்டு ஈரத்தை எடுக்கலாம். ஏசி இல்லாத பழைய பிக்கப்பில் கண்ணாடியை உலரவைக்க இருக்கும் ஒரே கருவி ஹீட்டர்தான்.

இன்னொரு பயனும் உண்டு. பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். அப்படிப்பட்ட மலைப்பாதையில் பாரத்தோடு ஏறும்போது வெப்பமானியின் முள் மேலே போகத் தொடங்கினால், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து புளோவரையும் முழு வேகத்தில் விடுங்கள். கேபின் தகிக்கும், ஆனால் என்ஜினின் வெப்பத்தில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். வண்டியை ஓரங்கட்ட இடம் கிடைக்கும்வரை அது தாக்குப்பிடிக்கும். பைபாஸ் செய்த வண்டியில் இந்த வசதி இல்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: பைபாஸ் ஊர் போய்ச் சேர்வதற்கு மட்டும். வேலையை மே மாதம், மழைக்கு முன்பே முடியுங்கள்.

ஒழுகுவது அதுதானா?

முதலில் போனெட்டைத் திறந்து, என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹோஸ்கள் உள்ளே போனால் ஹீட்டர் உண்டு. நம் ஊரில் ஓடும் பழைய பிக்கப்புகளில் ஹீட்டரே இல்லாமல் வந்தவையும் உள்ளன. அப்படிப்பட்ட வண்டியில் கேபின் நனைந்தால் காரணம் வேறு.

கேபினில் ஈரம் வர மூன்று வழிகள் பொதுவானவை. மழைத்தண்ணீர் முன்கண்ணாடி ரப்பர் வழியாகவோ வைப்பருக்குக் கீழுள்ள பள்ளத்தின் வழியாகவோ இறங்கலாம். மழை பெய்தால் மட்டும் நனைகிறது என்றால் அதுதான். ஏசியின் கூலிங் காயிலில் சேரும் நீர், வடிகுழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே வழியும். அது தெளிவாக, மணமில்லாமல் இருக்கும்; ஏசி ஓடினால் மட்டும் வரும். மூன்றாவது கூலன்ட். விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழக்கும், நிறம் இருக்கும், லேசாக இனித்த வாசனை வரும். ஹீட்டரை ஓட்டினால் முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம்போல் ஒன்று படியும். துணியால் துடைத்தால் இழுபடும், போகாது. இந்தப் படலத்தைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் வேறு சந்தேகம் தேவையில்லை.

வாயில் வைத்துச் சுவைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டவே வேண்டாம். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய் அந்த இனிப்புக்கு வந்து நக்கும், குழந்தைகளும் அப்படித்தான்.

ஆண்டுக்கணக்காக வெறும் தண்ணீரே ஊற்றி ஓட்டிய வண்டியில் இனித்த மணமும் வராது, படலமும் படியாது. துரு நிறத்தில் நீர் வரும், கூலன்ட் டேங்கில் மட்டம் இறங்கும். அப்போது உறுதி செய்ய அழுத்தச் சோதனைதான் வழி. என்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கையால் அடிக்கும் சோதனைப் பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். மூடியில் 0.9 என்றிருந்தால் 0.9 பார், அதற்குமேல் போகக் கூடாது. கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால் கசிவில்லை. முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரம் தெரியாமல், இடப்பக்க ஆளின் கால் வைக்கும் இடத்தில் சொட்டினால், காயில்தான். அதற்குமுன் ஃபயர்வாலில் ஹோஸ் மாட்டும் இடத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். துருப்பிடித்த கிளாம்ப் வழியாகக் கசிந்து, குழாயோடு ஓடி உள்ளே சொட்டுவதும் நடக்கும். அப்படியானால் டேஷ்போர்டைத் தொடாமலே வேலை முடிந்தது.

ஏன் ஓட்டை விழுந்தது?

புதுக் காயில் வாங்கும் முன் இந்தப் பகுதியைப் படியுங்கள். என்னைப் பொறுத்தவரை இந்த அத்தியாயத்தில் இதுதான் முக்கியம்.

முதல் குற்றவாளி உப்பு. என்ஜின் குளிர்விப்புக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பெரிய டீசல் என்ஜின் தயாரிப்பாளர்கள் சிலர் வைத்திருக்கும் அளவு. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, குடிக்கும் நீரில் 250 மில்லிகிராம் வரை ஏற்றுக்கொள்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1000 வரை விடுகிறது. நாம் நல்ல தண்ணீர் என்று குடிப்பதே அலுமினியக் காயிலுக்கு நல்லதல்ல என்று ஆகிறது. கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம். நூறு லிட்டர் சுத்த நீரில் ஒரே ஒரு லிட்டர் கடல்நீர் கலந்தால் போதும், 190-ஐ நெருங்கிவிடும். கரையோரக் கிணறு கோடையில் கொஞ்சம் கரித்தால், அதை ரேடியேட்டரில் ஊற்றுகிறவர் எதை ஊற்றுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். மீன் பெட்டி கழுவ வைத்திருக்கும் வாளியால் ரேடியேட்டர் நிரப்பும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். குளோரைடு அலுமினியத்தைப் பரவலாக அரிப்பதில்லை. ஊசி குத்தியதுபோல் ஒரே இடத்தில் ஆழமாக இறங்கும். வெளியே பளபளவென்றிருக்கும் காயில் ஒழுகுவது அதனால்தான்.

இரண்டாவது, திருட்டு மின்சாரம். மீன் வண்டிகளில் கூடுதல் விளக்கு, பாட்டுப் பெட்டி, ஹாரன் என்று பலதையும் மாட்டுகிறோம். அவற்றின் எர்த் கம்பியை பாடியில் ஏதாவது ஒரு போல்ட்டில் முடிந்துவிடுகிறோம். உப்புக் காற்றில் அந்த போல்ட் துருப்பிடித்தால், மின்சாரம் திரும்பிப் போக வேறு வழி தேடும். கூலன்ட் வழியாகவும் ஓடும். அது ஓடும் உலோகம் கரையும். சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், சிவப்பு முனையை ரேடியேட்டர் வாயில் கூலன்டுக்குள்ளும் வையுங்கள். உலோகத்தில் படக் கூடாது. என்ஜின் ஆறிய நிலையிலேயே மூடியைத் திறந்து இதைத் தொடங்குங்கள். விளக்கு, புளோவர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ எர்த் கெட்டிருக்கிறது. எதைப் போட்டபோது முள் ஏறியதோ அந்தக் கம்பியைப் பிடியுங்கள். என்ஜினிலிருந்து சேஸிஸுக்கும், பேட்டரியிலிருந்து பாடிக்கும் போகும் தடித்த எர்த் பட்டைகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்றாக்கி, மாட்டியபின் கிரீஸ் பூசுங்கள்.

மூன்றாவது, அழுத்தம். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் இறுகிப்போனாலோ, ஹெட் கேஸ்கட் வழியாக எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுந்தாலோ, உள்ளே அழுத்தம் ஏறி, மெலிந்த இடம் முதலில் விட்டுக்கொடுக்கும். என்ஜின் ஓடும்போது டேங்கில் இடைவிடாமல் குமிழி வந்தால் காயில் வேலையை நிறுத்திவிட்டு ஹெட்டைப் பாருங்கள். மூடியை எப்படியும் புதிதாக மாற்றிவிடுங்கள், விலை அற்பம்.

வழியில் ஒழுகினால்

ஆறும்வரை காத்திருந்து, காயிலுக்குப் போகும் இரு ஹோஸ்களையும் ஃபயர்வால் பக்கம் கழற்றி, ஒரு குழாய்த் துண்டால் இரண்டையும் இணைத்து இரு கிளாம்ப் போட்டுவிடுங்கள். வளைவு மடங்கக் கூடாது. ஹோஸ் வாயில் போல்ட்டைச் சொருகி அடைப்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றுவது ஹீட்டர் வழியாகத்தான்.

மஞ்சள்தூள், முட்டை, ஒழுக்கு அடைக்கும் பொடி எதுவும் வேண்டாம். ஓட்டையை அடைக்கிற பொருள் ஓட்டை இல்லாத மெல்லிய குழாய்களையும் அடைக்கும். ஹீட்டரை விட்டு ரேடியேட்டருக்கும் அது போய்ச் சேரும்.

காயிலை மாற்றுதல்

பாகம் கைக்கு வந்தபின்தான் டேஷ்போர்டைத் தொட வேண்டும். கடையில் ஹீட்டர் காயில் என்று தெளிவாகக் கேளுங்கள். வெறும் காயில் என்றால் ஏசியின் கூலிங் காயிலை எடுத்துத் தருவார்கள். நீள அகலம், கனம், குழாய்கள் எந்தப் பக்கம் எந்தக் கோணத்தில் வளைகின்றன, அவற்றின் விட்டம் என்ன என்பதையெல்லாம் ஒப்பிடுங்கள். பழைய காயில் செம்பு பித்தளையில் ஆனதென்றால் ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்து அடைத்துத் தருவார்கள்; ஒழுக்கு ஒரே இடத்தில் இருந்தால் அது நல்ல வேலைதான். அலுமினியக் காயிலை ஒட்டுப்போட்டுப் பயனில்லை. வாங்கிய புதுக் காயிலையும் அப்படியே மாட்டாதீர்கள். ஒரு குழாயை அடைத்து, மறு குழாயில் குறைந்த அழுத்தக் காற்றை விட்டு, வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கூடவே இரண்டு ஹோஸ், துருப்பிடிக்காத எஃகு கிளாம்ப்கள், காயிலைச் சுற்றி ஒட்டும் ஃபோம் பட்டை, கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியானால் அதற்குப்பின் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். ஹீட்டர் லிவரை முழுச் சூட்டுக்குத் தள்ளி வைத்து, கூலன்டை ஒரு அகன்ற பாத்திரத்தில் வடித்து, எத்தனை லிட்டர் வந்தது என்று அளந்து எழுதி வையுங்கள். சாக்கடையிலோ துறைமுக நீரிலோ கொட்டாதீர்கள். மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள்.

ஃபயர்வால் பக்கம் ஹோஸ் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் பலமாக இழுக்க வேண்டாம். நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்துவிடுங்கள். ஹோஸ் எப்படியும் புதிதுதான். பிறகு ஒரு குழாயில் மெதுவாகக் காற்று விட்டு, மறு குழாயில் வரும் மிச்ச நீரைப் பாத்திரத்தில் பிடியுங்கள். வாயால் ஊத வேண்டாம். இதைச் செய்யாமல் காயிலை உருவினால் மிச்ச நீர் முழுதும் கேபின் பாயில்தான் கொட்டும்.

டேஷ்போர்டு வேலை வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் இங்கே நீட்டவில்லை. அமெரிக்காவில் 1980 முதல் 1996 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் கையுறைப் பெட்டியைக் கழற்றி, சில திருகாணிகளை எடுத்தாலே காயில் வெளியே வந்துவிடும். அதற்கடுத்த தலைமுறையில் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும். நம் வண்டிகளும் இந்த இரண்டு வகைக்குள் ஏதாவது ஒன்றாக இருக்கும். பிரிப்பதற்குமுன் ஒவ்வொரு இணைப்பையும் கைபேசியில் படமெடுங்கள். திருகாணிகளை இடவாரியாகத் தனித்தனிக் கவரில் போட்டு மேலே எழுதுங்கள். கடற்கரை வண்டியில் பாதித் திருகாணி துருப்பிடித்திருக்கும். முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் தலை தேயாது. ஏசி வண்டியில் கூலிங் காயிலும் ஹீட்டர் காயிலும் ஒரே பெட்டிக்குள் இருந்து, பெட்டியை முழுதாக இறக்க வேண்டியிருந்தால், ஏசி குழாயை நீங்களே திறக்காதீர்கள். வாயுவை ஏசி மெக்கானிக் இயந்திரத்தில் பிடித்து எடுத்தபின் வேலையைத் தொடருங்கள்.

பெட்டி திறந்திருக்கும்போது உள்ளே சேர்ந்த தூசி, எலி கொண்டுவந்து வைத்த குப்பை எல்லாவற்றையும் வழித்தெடுத்து, ஏசியின் வடிகுழாயில் நீர் விட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். காற்றைத் திருப்பும் தகடுகள் தடையில்லாமல் அசைகின்றனவா என்பதும் முக்கியம். அவை சிக்கினால் சூடு வரும், ஆனால் கண்ணாடிக்குப் போகாது.

புதுக் காயிலை மாட்டும் முன் என்ஜினைக் கழுவ வேண்டும். ஹோஸ் இரண்டையும் தற்காலிகமாக இணைத்து, டிஸ்டில்டு அல்லது ஆர்.ஓ. நீர் விட்டு, என்ஜினைச் சூடாகும்வரை ஓட்டி, ஆறவிட்டு, வடியுங்கள். வெளியே வரும் நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. இதைத் தவிர்த்தால் பிளாக்கில் கிடக்கும் துருவும் சேறும் புதுக் காயிலில் போய் உட்காரும்.

காயிலைச் சுற்றி ஃபோம் ஒட்டி, குழாயை நெம்பாமல் உள்ளே தள்ளுங்கள். ஃபயர்வால் ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் மாற்றுங்கள்; இல்லையென்றால் தகட்டின் விளிம்பு குழாயை அறுக்கும். ஹோஸுக்குக் கிரீஸ் வேண்டாம், கூலன்டால் நனைத்தால் வழுக்கி ஏறும்.

கூலன்ட் வாங்கும்போது ஐ.எஸ். 5759 தரம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தை நம்பி வகைகளைக் கலக்காதீர்கள். கான்சன்ட்ரேட் என்றால் ஒரு கணக்கு உண்டு: கழுவிய நீரில் ஒரு பங்கு பிளாக்கிலேயே தங்கிவிடும். பாதிக்குப் பாதி கலவை வேண்டுமானால், வண்டியின் முழுக் கொள்ளளவு 8 லிட்டர் என்றால், முதலில் 4 லிட்டர் கான்சன்ட்ரேட்டை ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு நீரால் நிரப்புங்கள். கலந்தே வரும் கூலன்ட் என்றால் பிளாக்கின் வடிகால் போல்ட்டையும் திறந்து முழுதாக வடித்தபின் ஊற்றுங்கள். நம் ஊரில் உறைபனி இல்லை, எதற்குக் கூலன்ட் என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டும். கொதிநிலையை உயர்த்துவதும், அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சுமப்பதும் இந்த வெயிலில் நமக்கு வேண்டியவை.

நிரப்பும்போது ஹீட்டர் லிவர் முழுச் சூட்டில் இருக்க, வண்டியின் மூக்கு மேடேறி நிற்கும்படி நிறுத்துங்கள். மூடி திறந்தபடி ஐடிலில் விட்டு, ஹோஸ்களை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றி, மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து, குமிழி நின்று, நீர் நிலைபெற்றதும் மூடியைப் போடுங்கள். காயிலின் இரு ஹோஸ்களும் ஒரே சூட்டில் இருந்தால் ஓட்டம் சரி. ஒன்று கொதித்து மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் காற்று அடைத்திருக்கிறது.

டேஷ்போர்டை இன்னும் மாட்டாதீர்கள். திறந்தபடியே வண்டியை ஆறவிட்டு, அழுத்தப் பம்பை மீண்டும் மாட்டி, கால் மணி நேரம் பாருங்கள். காயிலுக்குக் கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து வைத்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். காகிதம் உலர்ந்திருந்தால் மூடுங்கள். பாயை வெளியே எடுத்து சோப்பு நீரில் அலசி, வெயிலில் முழுக்கக் காயவைத்து விரியுங்கள்; அடியில் ஈரம் தங்கினால் தரைத்தகடு துருப்பிடிக்கும். முன்கண்ணாடிப் படலத்தையும் சோப்பு நீரால் இரண்டு முறை கழுவிவிடுங்கள்.

அடுத்த சில காலைகளில், துறைக்குப் புறப்படும் முன், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது டேங்க் மட்டத்தைப் பாருங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதால் முதலில் சற்று இறங்கும், நிரப்புங்கள். பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவு வேறிடத்தில் இருக்கிறது. கூலன்டின் பெயர், வகை, ஊற்றிய தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி போனெட்டின் உட்புறம் ஒட்டிவையுங்கள்; வழியில் வேறு பட்டறையில் நிற்க நேர்ந்தால் அங்குள்ளவர் எதை ஊற்ற வேண்டும் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். பாட்டிலில் வேறு கெடு குறிப்பிடாவிட்டால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று எப்போதும் சீட்டுக்குப் பின்னால் இருக்கட்டும். மாதம் ஒருமுறையாவது, புழுக்கமாக இருந்தாலும், ஹீட்டர் லிவரைத் திறந்து பத்து நிமிடம் ஓட்டுங்கள். தேங்கிய நீர் நகர்ந்து, மருந்து கலந்த புதுக் கூலன்ட் காயிலுக்குள் போய்ச் சேரும்.